கதாநாயகன் இல்லாத முகப்போவியம்

டொன் குவிக்சோட்டை நான் முதலில் அறிந்தது சிறுவர்க்கான சுருக்கப் பதிப்பொன்றிலே. காற்றாலையை அரக்கனென்றெண்ணி ஈட்டியோடு பாயும் அந்தக் கிழட்டு வீரனைக் கண்டு சிரித்தேன். ஆசிரியனானபின் மாணவரையும் சிரிக்க வைத்தேன். அந்தச் சிரிப்பின் மீது எனக்கு ஐயம் எழுந்தது, 1738இல் இலண்டனில் ஸ்பானிய மொழியிலேயே வெளிவந்த பதிப்பின் முகப்போவியத்தைக் கண்டபோதுதான்.

சேர்வாண்டிஸ் இந்நாவலை 1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாசகர் பலர் அதனை வெறும் வேடிக்கைக் கதையாகவே படித்தனர். அந்நிலையை மாற்ற விழைந்தவர் கார்ட்டரெட் பிரபு. அவரது ஆதரவில் டொன்சன் பதிப்பகத்தார் நான்கு தொகுதிகளில் நூலை அச்சிட்டனர். ஓவியங்களை வரைந்தவர் ஜோன் வாண்டர்பாங்க்; பெரும்பாலானவற்றைச் செப்புத்தகட்டிற் செதுக்கியவர் ஜெராட் வாண்டர்குக்ட். சேர்வாண்டிஸின் முதலாவது வாழ்க்கை வரலாறு மயான்ஸ் என்ற ஸ்பானிய அறிஞரால் இப்பதிப்புக்கெனவே எழுதப்பட்டது.

முகப்போவியத்தில் நிற்பவன் கிரேக்கப் புராண வீரன் ஹேர்குலிஸ். கலைத்தேவியரின் உறைவிடமான பர்னாசஸ் மலையைப் பூதங்கள் கைப்பற்றியுள்ளன. ஆட்டுக்காலுடைய சற்றிர் ஒருவன் வீரனிடம் முகமூடியொன்றை நீட்டுகிறான். நூலிலேயே ஓல்ட்பீல்ட் என்பவர் இதற்கு விளக்கம் எழுதியுள்ளார். ஹேர்குலிஸ் என்பது சேர்வாண்டிஸ். பூதங்கள் நம்பத்தகாத வீரசாகசக் கதைகள். முகமூடி அங்கதம் என்னும் ஆயுதம். சிரிப்பு மூட்டியவனை இலக்கியத்தைத் தூய்மைசெய்த வீரனாக உயர்த்துகிறது இந்த உருவகம்.

நேயர்களே, இது பெரிய மரியாதைதான். ஆயினும் அந்த ஓவியத்தில் டொன் குவிக்சோட் எங்கே? அவன் இல்லை! அதே பதிப்பில் வில்லியம் கென்ற் கற்பனையாக வரைந்த ஆசிரியர் உருவப்படத்திலும் அவனும் சாஞ்சோவும் பின்னணியில் சிறிதாகவே தெரிகின்றனர். ஆசிரியனுக்குக் கிரீடம் சூட்டிய கைகள் அவன் படைத்த மனிதனை ஓரங்கட்டிவிட்டன.

நூலை வேடிக்கையாக்கியவர்கள் அவனது அடியை மட்டும் கண்டார்கள். நூலைக் காவியமாக்கியவர்கள் அவன் கொன்ற கதைகளை மட்டும் கண்டார்கள். அடிபட்டும் எழுந்து, எளியோருக்காக மீண்டும் குதிரையேறிய மனிதனை இரு சாராரும் தவறவிட்டனர். நானும் தவறவிட்டவனே. இப்பொழுது வகுப்பில் காற்றாலைக் கட்டம் வரும்போது மாணவர் சிரிக்கட்டும் என்றே விடுகிறேன். சிரித்து ஓய்ந்தபின் ஒன்று மட்டும் கேட்கிறேன்: ‘விழுந்தவன் பிறகு என்ன செய்தான்?’