வாரும் வலிமையும்

துட்டகைமுனு தன் தந்தையின் சினத்துக்கு அஞ்சி ஒளித்திருந்த இடம் கொத்மலை என்பது மலைநாட்டு மரபு. மகாவம்சம் மலயநாடு என்ற அளவிலே நின்றுவிடுகின்றது. அவனுடைய பத்து வீரருள் ஒருவன் நந்திமித்திரன். தவழும் பருவத்தில் வீட்டை விட்டு நெடுந்தூரம் போய்விடுகின்றான் என்று, இடையில் தோல்வாரைக் கட்டி அவனைப் பெரிய திரிகைக்கல்லோடு பிணைத்தார்கள். குழந்தையோ கல்லையும் இழுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்ட, வார் அறுந்தது. அவனுடைய மாமன் எல்லாளனின் படைத்தலைவன் என்பதையும் அந்நூலே கூறுகின்றது. அதனை இன்று நினைப்பார் குறைவு.

அக்கதையில் வார் அறுந்ததே வலிமைக்குச் சான்று. கட்டிய வாரே வீரனுக்குத் துணைநின்று பாரத்தை உயர்த்துவது பிற்காலத்துப் புதுமை.

உட்கார்ந்து எழுவதால் தொடையை உரமாக்கும் வித்தை நம்மவர்க்குப் புதிதன்று. தண்டாலும் பஸ்கியும் மல்லர்களின் அன்றாடக் கடமை. 1910இல் இலண்டன் சென்று புகழீட்டிய காமா, நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுத்தார் என்பர். தோட்டத் தொழிலாளர் பலரின் முன்னோர் வாழ்ந்த தமிழகத் தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் இருந்தது. குந்தியிருந்து கல்லை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோகவேண்டும். கல் உருண்டை, பிடிமானம் இல்லை. அங்கே ஏமாற்ற வழியும் இல்லை.

இரும்புத் தண்டைத் தோளிற் சுமந்து குந்தி எழும் பயிற்சிக்கு அமெரிக்காவில் மதிப்புத் தேடித் தந்தவர் ஜெர்மனியிலிருந்து சென்ற மைலோ ஸ்டைன்போர்ன். 1921இல் அவர் 553 இறாத்தலைத் தாமே தோளில் சாய்த்தெடுத்துக் குந்தி எழுந்தார். பின்னர் வந்த பால் அண்டர்சன், 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றவர். அவர் நிலத்திற் குழி தோண்டி அதனுள் நின்று பாரத்தைத் தாங்கிப் பழகினாராம். குழியிற் சிறிது சிறிதாக மண்ணிட, ஒவ்வொரு முறையும் முன்னிலும் ஆழமாகக் குந்தவேண்டியிருக்கும்.

வலுத்தூக்கல் தனி விளையாட்டாகி, 1972இல் அதற்குச் சர்வதேசச் சம்மேளனம் எழுந்தது. குந்தி எழுதல் அதன் முதற் பரீட்சை. இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சிக்குக் கீழே இறங்கினாலன்றி நடுவர் ஒப்பார். இங்கேதான் முழங்காற்பட்டை நுழைகின்றது. விதிப்படி அதன் நீளம் 2 மீற்றருக்கும் அகலம் 8 சென்ரிமீற்றருக்கும் மேற்படலாகாது. இழுபடும் துணியாகிய அதனைக் காலை நீட்டிவைத்து இறுகச் சுற்றுவர். வீரன் குந்தும்போது துணி விரிந்து எதிர்க்கும். எழும்போது சுருங்கி, வாங்கிய விசையைத் திருப்பிக் கொடுக்கும். இறுக்கத்தால் இரத்தவோட்டம் தடைப்படும், கால் மரத்துப்போகும். ஆகவே மேடையேறச் சற்று முன்னரே கட்டி, இறங்கிய உடனே அவிழ்ப்பர்.

போட்டி தொலைவிலிருக்கையில் வெறுங்காலாற் பயில்வதும், அண்மித்த கிழமைகளிற் பட்டையோடு பெரும்பாரத்தை ஏற்றுவதும், கடைசிக் கிழமையிற் பாரத்தைக் குறைத்து உடலை ஆறவிடுவதும் தேர்ந்த பயிற்சியாளர் பலர் கைக்கொள்ளும் முறை. அது விவேகமானது. பட்டை விசையைக் கூட்டுவதோடு குந்தும் பாங்கையும் மாற்றிவிடும். மேடையில் முதன்முறை கட்டுபவன் தடுமாறுவான். எப்போதும் கட்டியே பழகுபவனோ தன் கால்களின் உண்மையான அளவை அறியமாட்டான்.

உயர்ந்தது யாருடைய வலிமை என்ற வழக்கு இப்படித்தான் எழுந்தது. பட்டையோடு இறுக்கமான உடைகளும் சேர்ந்தபின், ஒரு தலைமுறையின் சாதனையை முந்திய தலைமுறையோடு ஒப்பிடுவதே அரிதாயிற்று. 2012இல் சுவீடனின் ஸ்டொக்ஹோமில் அச்சம்மேளனம் இத்துணைகள் இல்லாத முதலாவது உலகக் கிண்ணப் போட்டியை நடத்தியது. அடுத்த ஆண்டு அது உலக வாகையர் போட்டியாயிற்று. அப்பிரிவிற் பட்டைக்கு இடமில்லை. மூட்டைச் சூடாக வைத்திருக்கும் இறப்பர் உறைக்கு மட்டும் இடமுண்டு. மற்றப் பிரிவிற் பட்டை தொடர்கின்றது. இரண்டின் சாதனைகளும் வெவ்வேறாகவே பதியப்படுகின்றன.