நர்ஸ், நர்சரி, நாத்தங்கால்

எர்ணாவூர்ல கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல கொஞ்ச இடத்துல கத்தரி, மிளகாய் போடுறவன் நான். நாத்து விடுற இடத்தை நாம நாத்தங்கால்னு சொல்றோம். இங்கிலீஷ்ல நர்சரி. சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடமும் நர்சரி, ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க நர்ஸ். இது மூணும் ஒரே வேர்ல முளைச்சது.

லத்தீன்ல ‘நூத்ரிரே’ன்னா பால் கொடுத்து வளர்க்கிறது. அது பிரெஞ்சு வழியா சுமார் 800 வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷுக்கு வந்தது. அப்போ நர்ஸ்னா அடுத்தவங்க பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்க்கிறவள். குழந்தை வளர்ற அறை நர்சரி ஆச்சு, அப்புறம் செடி வளர்ற இடமும். நோயாளியைப் பார்க்கிறவங்க என்கிற அர்த்தம் அதுல ஒட்டினது 16ஆம் நூற்றாண்டு கடைசியில்தான். சத்துணவைச் சொல்ற நியூட்ரிஷனும் இதே குடும்பம்.

நம்ம தமிழும் இதே வழியிலதான் போயிருக்கு. தொல்காப்பியத்தில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தோழி அந்தச் செவிலியோட மகள். தலைவி காதலனோட போயிட்டா பாலை வழியில தேடிப் போறவளும் செவிலிதான். சென்னை பொது மருத்துவமனையில் 1871இல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கினாங்க. அந்த வேலைக்குப் பிற்பாடு நாம எடுத்து வைத்த பெயரும் ‘செவிலியர்’. பால் கொடுத்தவள் பெயர் மருந்து கொடுக்கிறவங்களுக்கு வந்தது, ரெண்டு மொழியிலயும்.

நாத்தங்கால்லயும் அதே கதைதான். கத்தரி நாத்தை ஒரு மாசம் தண்ணி காட்டி, நிழல் கட்டிக் காப்பாத்துறோம். அப்புறம் பிடுங்கி வேற வயல்ல நடுறோம். காய்க்கிறது அங்கே. வளர்த்த பாத்தி வெறுமையா கிடக்கும். வளர்க்கிறதுன்னா இன்னொரு இடத்துக்கு அனுப்பி வைக்கிறதுதான்.

2017 நவம்பர்ல டிஎம்எஸ் வளாகத்துல ஒப்பந்த நர்சுகள் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தாங்க. எங்க அக்கா மகளும் ஒப்பந்த நர்சுதான். ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்தா, சம்பளத்தை நாலாப் பிரிச்சு வாடகை, ஸ்கூல் பீஸ்னு எண்ணி வைப்பா. ஊட்டி வளர்க்கிறவள்னு அர்த்தம் உள்ள பேரை வச்சிக்கிட்டு, தன் வீட்டுச் சோத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கு. பாத்திக்கு எரு போடாம நல்ல நாத்து வராது. அது எந்த விவசாயிக்கும் தெரியும்.