பகாததும் பகுக்காததும்

1-ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐவிடப் பெரிய முழு எண்ணைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பகா எண்’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘முதன்மை எண்’ என்கின்றன. ‘முதன்மை’ கிரேக்க வழிக் கருத்து. யூக்ளிட் இவற்றை முதல் எண்கள் என்றார். அது லத்தீனில் ‘பிரைமஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘பிரைம்’ ஆனது.

‘பகா’ நம் இலக்கணத்தில் பழகிய சொல். நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் எனப் பிரிக்கிறது. ‘நிலம்’, ‘நீர்’ போல, பிரித்தால் பொருள் தராதது பகாப்பதம். எண்ணிலும் அதே இணைதான்: 6 பகு எண், 7 பகா எண்.

‘பகு’ என்னும் வினைக்கு இரு முகம் உண்டு. தானே பிளவுபடுவது பகுதல். ஒருவர் பிரிப்பது பகுத்தல். முன்னதன் எதிர்மறை ‘பகாத’. பின்னதன் எதிர்மறை ‘பகுக்காத’. ‘பகாத’ ஈறு கெட்டுப் ‘பகா’ ஆனது. அது எதிர்மறைப் பெயரெச்சம், முக்காலத்துக்கும் பொது. ஆகவே பகா எண் என்பது இதுவரை யாரும் பகுக்காத எண் அன்று. என்றுமே பகாத எண்.

இந்த வேறுபாட்டைக் கணித வரலாறே காட்டியிருக்கிறது. பிரெஞ்சுத் துறவி மரன் மெர்சென் 1644-இல், 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் தரும் அடுக்குகளைப் பட்டியலிட்டார். அதில் 67-உம் இருந்தது. 2^67 − 1 என்பது 147573952589676412927, 21 இலக்கம். 1876-இல் எதுவார் லூக்கா அது பகு எண் என்று காட்டினார். ஆனால் காரணிகளைக் கண்டுபிடிக்கவில்லை. 1903-இல்தான் அமெரிக்கரான பிராங்க் நெல்சன் கோல் அதை 193707721 × 761838257287 எனப் பிரித்தார். இடைப்பட்ட 27 ஆண்டுகள் அது பகுக்காத பகு எண்ணாகவே இருந்தது.

பட்டியலில் 31 சரியாக இருந்தது. 2^31 − 1, அதாவது 2147483647, பகா எண் என 1772-இல் ஆய்லர் நிறுவினார். அதற்குப் பகாக் காரணி இருந்தால், அக்காரணியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகவே வரவேண்டும் என்று முதலில் காட்டினார். அத்தகைய பகா எண்களை 46,340 வரை சோதித்தால் போதும், எதுவும் வகுக்கவில்லை.

2^127 − 1 என்ற 39 இலக்க எண்ணையும் 1876-இல் லூக்காவே பகா என்று நிறுவினார். வகுத்துப் பார்க்கத் தேவையில்லாத அவரது சோதனையைப் பின்னர் லெமர் செம்மைப்படுத்தினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1 பகா எண் என்பதையும் அந்தச் சோதனையே உறுதிசெய்தது. அதன் இலக்கங்கள் 4,10,24,320.