பசியின் தடயம் - 7: சோளத்தில் ஒளிந்த எதிரி

1937-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கான்ராட் எல்வேயெம், நாக்குக் கறுத்துத் தீனியை ஒதுக்கிய நாய்க்கு நிகோடினிக் அமிலம் கொடுத்தார், நாய் தேறியது. நாய்களின் இந்தக் கறுப்பு நாக்கு நோய், மனிதரின் பெல்லாக்ராவுக்கு இணையானது. மக்காச்சோளமே கதியென்று கிடந்த ஏழைகளை இரண்டு நூற்றாண்டுகளாக வாட்டிய பெல்லாக்ரா நோய், நயாசின் (நிகோடினிக் அமிலம்) பற்றாக்குறையால் வருவது என்று தீர்ப்பாயிற்று. சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம்.

தக்காணத்தில் அந்தத் தீர்ப்பு எடுபடவில்லை.

1958-ல் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலனும், எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் அங்கே பெல்லாக்ரா நோயாளிகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் ஏழை விவசாயக் குடும்பத்தவர்கள். இரு புறங்கைகளிலும் ஒரே மாதிரி தோல் கறுத்து, தடித்து, செதில் செதிலாக உரியும். வெயில் படாத இடம் வந்ததும் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினில் காஸ்பர் காசல் எழுதிவைத்த அதே அடையாளம். நாக்கில் புண், ஓயாத வயிற்றுப்போக்கு. பிறகு தூக்கம் போகும், மனம் சோரும், புத்தி தடுமாறும். மனநல மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

வைத்தியம் தெரிந்ததுதான். நயாசினின் இன்னொரு வடிவமான நிகோடினமைடு நாளுக்கு 300 மில்லிகிராம், பல வேளையாகப் பிரித்து, மூன்று நான்கு வாரம். நிகோடினிக் அமிலம் கொடுத்தால் முகம் சிவந்து எரியும். இதில் அந்தத் தொல்லை இல்லை. கூடவே மற்ற பி வைட்டமின்கள், பால், முட்டை, பருப்பு. நாக்குப் புண்ணும் வயிற்றுப்போக்கும் சில நாளிலேயே அடங்கும், புத்தி தெளியும். தோல் ஆறத்தான் வாரக்கணக்காகும். ஆனால் ஊர் திரும்பினால் மறுபடி அதே சோள ரொட்டி.

புதிரே அந்த ரொட்டியில்தான். இவர்கள் தின்றது மக்காச்சோளமல்ல, நம் மானாவாரிக் காட்டில் விளையும் வெள்ளைச் சோளம். மக்காச்சோளத்தில் நயாசின் உடம்பில் சேராதபடி பிணைந்து கிடக்கும். உடல் நயாசின் செய்துகொள்ளத் தேவையான டிரிப்டோஃபானும் குறைவு. நம் சோளத்திலோ 100 கிராமுக்குச் சுமார் 3 மில்லிகிராம் நயாசின். தீட்டிய பச்சரிசியில் 2 மில்லிகிராம்தான். அரிசிச் சோறு தின்பவனை அண்டாத நோய், சோளம் தின்பவனை ஏன் பிடிக்கிறது?

இல்லாததைத் தேடி அலுத்த இடத்தில், கோபாலன் இருப்பதைத் தேடினார். லூசின் என்ற அமினோ அமிலம் சோளத்தில் அரிசியைவிட மிக அதிகம். அது மிகும்போது டிரிப்டோஃபான் நயாசினாகும் பாதை குலைகிறதோ? 1960-ல் 'லான்செட்' இதழில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் லூசினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். பற்றாக்குறை நோய்க்கு ஒரு மிகுதி காரணம் என்பது அன்று பலருக்கும் ஏற்க முடியாத வாதம்.

சாட்சிக்கு மறுபடி நாய்கள் வந்தன. சில நாய்களுக்கு லூசின் மிகுந்த சோளம். சிலவற்றுக்கு லூசின் குறைந்த சோள ரகம். முதல் கூட்டத்துக்கு நாக்குக் கறுத்தது; இரண்டாவது கூட்டம் தப்பியது. வழக்கு வென்றாயிற்று என்று ஹைதராபாத் நம்பியது.

ஆனால் 1978-ல் கடல் கடந்த ஓர் ஆய்வகம் நாய்களுக்கு லூசினை அள்ளிக் கொடுத்துப் பார்த்தது. அந்த நாய்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை!

அப்படியானால் தெலங்கானாவின் சோள ரொட்டியில் லூசினுக்குத் துணை நின்ற கூட்டாளி யார்?

(தொடரும்)