பேராதனை மூதவை மண்டபமும் பழையன புதுக்கலும்

மகாவலி கங்கைக்கும் ஹந்தானை மலைச்சாரலுக்கும் இடையே நிற்கும் பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டிடங்களை முதன்முறை காண்போர், அவை கண்டியரசர் காலத்தன என மயங்குதல் கூடும். உண்மையில் அவை நூறாண்டும் நிரம்பாதவை. 1942ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1949 முதல் பகுதி பகுதியாகப் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. சேர் பற்றிக் அபர்குறொம்பியும் கிளிவட் ஹொலிடேயும் வகுத்த திட்டத்திற்கு உருக்கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ் என்னும் கட்டிடக் கலைஞர். 1954 ஏப்ரல் 20இல் நிகழ்ந்த திறப்பு விழாவைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை.

மூதவைக் கட்டிடத்தின் நடுவிலுள்ள தூண்மண்டபமே ஈண்டு நம் ஆராய்ச்சிக்குரியது. அதன் மூலப்படிவம் கண்டியிலுள்ள மகுல் மடுவ என்னும் கொலுமண்டபமாகும். நாயக்கர் மரபினனாகிய சிறீ இராஜாதிராஜசிங்கன் 1783இல் தொடங்கிய அம்மண்டபம் மரத்தாலானது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான உடன்படிக்கை அங்கேதான் நிறைவேறியது. அதே ஆங்கிலேயர் பிற்காலத்தில் அதனை நீட்டியும் திருத்தியும் அமைத்தனர். பேராதனைக்கு அணித்தாயுள்ள எம்பெக்கையில், கதிர்காமக் கடவுளின் தேவாலயத்து முன்மண்டபத் தூண்களும் கம்பளை அரசரின் பழைய மண்டபமொன்றிலிருந்து கொணரப்பட்டவை என்பது செவிவழிச் செய்தி. ஆகவே மலைநாட்டிற் பழையதைப் புதிய தேவைக்கு இசைவித்தல் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று.

அல்விஸ் செய்தது யாது? மரத்தூணைக் கல்லிலே வடித்தார். சந்திரவட்டக்கல்லை வாயிலில் இட்டார். இருபுறமும் அக்கால அலுவலகத்திற்கேற்ற அறைகளை நிறுவினார். பொருள் மாறியது; பயன் மாறியது. மாறாதது ஒன்றே: சுவரின்மை. காற்றும் ஒளியும் மனிதரும் தடையின்றி ஊடுருவும் அத்தன்மைதான் கொலுமண்டபத்தின் உயிர். திறப்பு விழாவில் எடின்பரோக் கோமகன் இப்பல்கலைக்கழகம் வழமையிலும் அதிகமாகத் திறந்திருக்க வேண்டுமென வேடிக்கையாக வாழ்த்தியதும், அவ்வாசகம் கல்லிற் பொறிக்கப்பட்டதும் பலரறிந்தவை. (வேடிக்கையெனினும் பொருத்தமான வாசகம்!)

இன்று கணினியும் குளிரூட்டியும் மின்கம்பிகளும் எக்கல்லூரிக் கட்டிடத்திற்கும் வேண்டியனவே. அவற்றை வெறுத்தல் பேதைமை. ஆனால் குளிரூட்டிக்குக் கதவடைத்த அறை தேவை. கதவடைத்தால் தாழ்வாரம் இருளும். முன்னர் நாம் கற்பித்த பாடசாலையொன்றில், பழைய மண்டபத்தின் காற்றுவழிகளைப் பலகையால் அடைத்து உட்கூரையும் தைத்தார்கள். மறு மாரியிலேயே சுவரிற் பூஞ்சணம் படர்ந்தது. கட்டியவர்கள் காற்றுக்கெனக் கணக்கிட்டு விட்ட இடத்தை அழகுக்காக விட்டதென எண்ணினர் போலும்.

மேசை, விளக்கு, மறைப்புத் தட்டி என்பன வேண்டியபோது கழற்றத்தக்கனவாயின் அவற்றால் யாதொரு கேடுமில்லை. குளிரூட்ட வேண்டிய அறைகளைப் பக்கச் சிறகுகளில் ஒதுக்கலாம். அல்விஸின் திட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. நடுமண்டபத்தைத் தடுத்து ஓர் அறை பெறலாமெனக் கருதுவோர், அதற்குமுன் ஒருமுறை கண்டிக்குச் சென்று மகுல் மடுவவின் நடுவே சற்று நின்று வருவாராக.