தமிழ்ப் பேரகராதி உருவாக்கத்தில் கூட்டுப்பணி (1913–1939)

முன்னுரை

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பெரும்பாலும் ச. வையாபுரிப்பிள்ளையின் பெயரோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. பணி தொடங்கிய 1913இல் அவர் அதில் இல்லை. 1926இல் அவர் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றபோது பதின்மூன்று ஆண்டு உழைப்பு அவருக்கு முன்னரே நிகழ்ந்திருந்தது. முதல் மடலத்தின் பகுதிகளும் 1924 முதல் வெளிவரத் தொடங்கியிருந்தன. ஒரு லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கி நான்கு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாயில் முடிந்த இப்பணியில் ஆசிரியர் மாறினார், ஊர் மாறியது, காலவரம்பும் கடந்தது. இத்தனை மாற்றத்துக்குப் பின்னரும் ஆறு மடலங்களில் 1,04,405 சொற்களும், 1939இல் முடிந்த பின்னிணைப்பில் 13,357 சொற்களும் ஒரே சீரில் அமைந்தது எவ்வாறு என்பது அகராதியியலுக்கு மட்டும் உரிய வினா அன்று. கல்விப்புலத்தில் பலர் கூடிச் செய்யும் எந்தப் பணிக்கும் அது பொருந்தும்.

தொடக்கமும் கைமாற்றமும்

கைமாறுதல் தமிழ் அகராதிப் பணிக்குப் புதிதன்று. 1862இல் வின்சுலோ வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியின் விதை யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் திரட்டியதாகும். அவர் இறந்த பின் அது பிறர் கைகளில் வளர்ந்து, ஏறத்தாழ அறுபத்தேழாயிரம் சொற்களுடன் வின்சுலோவின் பெயரில் அச்சேறியது. இவ்வகராதியை விரிவாக்கும் நோக்குடன்தான் 1913இல் மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்டிலர் தலைமையில் பேரகராதிப் பணி தொடங்கிற்று. பின்னர் அலுவலகம் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. 1922இல் சாண்டிலர் விலகினார். அவருக்கும் வையாபுரிப்பிள்ளைக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் வேறு கைகளில் கழிந்தன.

ஆசிரியர்கள் மாறிய இக்காலம் முழுவதும் மாறாதிருந்தவர் தலைமைத் தமிழ்ப் புலவர் மு. இராகவையங்கார். மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழாசிரியராயிருந்த அவர், தொடக்க ஆண்டிலேயே அகராதிப் பணிக்கு வந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அதில் நிலைத்திருந்தார். தலைமை மாறும்போது ஒரு குழு சிதறாமலிருப்பதற்குப் புதிய தலைவரின் திறமையை மட்டும் காரணமாகக் காட்டுவது எளிது. முந்தைய முடிவுகளின் நினைவைச் சுமந்தபடி இரண்டாம் இடத்தில் அமர்ந்திருப்பவரின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பதிவின் அமைப்பு

கூட்டுப்பணியின் சிறந்த சாட்சி, அச்சிட்ட பதிவேயாகும். ஒவ்வொரு பதிவிலும் தலைச்சொல், அதன் உரோமன் எழுத்துப்பெயர்ப்பு, இலக்கண வகை, மூலம் அல்லது இனச்சொல், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், இலக்கிய மேற்கோள் எனப் பல கூறுகள் அமைகின்றன. இவை அனைத்தையும் ஒருவரே நிரப்புவது அரிது. நிகண்டும் உரையும் கற்ற புலவருக்கு மேற்கோள் எளிது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு இனச்சொற்களை ஒப்பிடுவது வேறொரு பயிற்சி. ‘சாவி’, ‘மேசை’ ஆகியவற்றின் போர்த்துக்கீசிய மூலத்தைக் காட்டுவது இன்னொன்று. ஆங்கிலப் பொருளும் தமிழ்ப் பொருளும் அடுத்தடுத்து நிற்பதால் ஒன்றின் தளர்ச்சியை மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும். மரபுவழிப் புலமையும் ஆங்கிலக் கல்வியும் ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கிய காலத்தில், இரண்டும் ஒரே பதிவுக்குள் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டியிருந்தது. சட்டம் பயின்று வழக்குரைஞராய்ப் பணியாற்றிய வையாபுரிப்பிள்ளை இதன் தலைமைக்கு வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சான்றின்றி எதையும் ஏற்காத அவரது போக்கு இவ்வமைப்போடு நன்கு இயைந்தது.

சுருக்கக் குறியீடுகள் இதைவிட நுட்பமானவை. வின்சுலோவிடமிருந்து வந்த பொருளுக்கு அவர் பெயரின் முதலெழுத்து இடப்பட்டது. யாழ்ப்பாண வழக்குக்கு ஒரு குறி, நாஞ்சில் நாட்டு வழக்குக்கு ஒரு குறி, பொதுவான வட்டார வழக்குக்கு ஒரு குறி, கல்வெட்டுத் தொகுதிகளுக்குத் தனிக் குறிகள் எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றைப் பயனாளர் வசதிக்கானவை என்று மட்டும் கொள்வது போதாது. ஒரு குறி, ‘இப்பொருளுக்கு இவர் பொறுப்பு’ என்றும் சொல்கிறது. முன்னவரின் கூற்றை ஏற்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். அவர் பெயரால் நிறுத்திவிடலாம். அலுவலகத்தை ஒருநாளும் கண்டிராத வின்சுலோ இவ்வாறு அக்குழுவின் உறுப்பினராகிறார். பதிவின் வடிவமே கையளிப்புக் குறிப்பாகவும் பயன்பட்டது எனலாம்.

தவிர்த்த வினாவும் தவிர்க்க இயலாத வினாவும்

இக்கூட்டுறவு ஒத்த கருத்தால் விளைந்ததன்று. இராகவையங்கார் தம் ‘சேரன் செங்குட்டுவன்’ நூலில் அம்மன்னனை ஐந்தாம் நூற்றாண்டில் வைத்தார். வையாபுரிப்பிள்ளையோ சிலப்பதிகாரத்தையே எட்டாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றார். நூல்களின் காலத்தில் இவ்வளவு வேறுபட்ட இருவரும் ஒரே அகராதியில் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தனர். பேரகராதி மேற்கோளுக்கு நூற்பெயரும் பாட்டெண்ணும் தருகிறது, ஆண்டு தருவதில்லை. கருத்து வேறுபாட்டைத் தவிர்க்கவே ஆண்டு விடப்பட்டது என்று கூற இடமில்லை. எனினும் விளைவு அதுவே: காலக்கணிப்புப் பூசல் பணிமேசைக்கு வர வேண்டிய தேவையே எழவில்லை. இதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. ஒரு சொல்லின் பொருள் எந்த நூற்றாண்டில் மாறியது என்று அறிய முனையும் ஆய்வாளர் இன்றும் பேரகராதியை மூடிவைத்துவிட்டு மூலநூல்களுக்கே போக வேண்டியுள்ளது.

சொற்பிறப்பில் அத்தகைய ஒதுங்கல் இயலவில்லை. மூலம் காட்டும் இடத்தில் ஏதேனும் ஒன்றை எழுதியாக வேண்டும், அல்லது வெறுமையாக விட வேண்டும். ‘ஒருவேளை’ என்றும் ‘ஒப்பிடுக’ என்றும் பொருள்படும் குறிகள் இருந்தன; அவை பல பதிவுகளில் நேர்மையாகப் பயன்பட்டும் உள்ளன. ஆனால் ‘உலகம்’, ‘முகம்’ போன்ற சொற்களுக்கு வடமொழி மூலம் அவ்வித ஐயமின்றிக் காட்டப்பட்டது. ஞா. தேவநேயப் பாவாணர் இவற்றைத் தமிழ் வேரினின்று பிறந்தவையாகக் கொண்டு, பேரகராதியின் சொற்பிறப்பியலைக் கடுமையாக மறுத்தார். அவர் முடிவுகள் அனைத்தும் ஏற்கத்தக்கனவா என்பது வேறு. கூட்டுப்பணியின் நோக்கில் கருதத்தக்கது இதுவே: பொருள் வேறுபாட்டுக்கு வின்சுலோவின் எழுத்தையும் யாழ்ப்பாணத்தின் குறியையும் வகுத்த அமைப்பு, மூல வேறுபாட்டுக்கு அத்தகைய பெயர்க்குறி எதையும் வகுக்கவில்லை. ‘இன்னார் இவ்வாறு கருதுவர்’ என்னும் ஒரு குறி அங்கு இருந்திருப்பின், மறுப்பு அகராதிக்கு உள்ளேயே ஓரிடம் பெற்றிருக்கக்கூடும்.

மறுப்பு வெளியே ஒரு தனி நிறுவனமாக உருவெடுத்தது. 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கியது. 1981இல் அவர் மறைந்தார். முதல் தொகுதி அதன் பின்னரே அச்சாயிற்று. அடுத்தடுத்து வந்தவர்களின் கையில் அப்பணி 31 பகுதிகளாக நிறைவுற்றது. இதற்கிடையே 1982இல் சென்னைப் பல்கலைக்கழகம் பேரகராதியை மறுபதிப்புச் செய்தது. அரை நூற்றாண்டில் எழுந்த திருத்தங்களையும் மறுப்புகளையும் பெற்றுப் பதியும் குழு அப்போது இல்லை. பழைய பக்கங்களே மாற்றமின்றி மீண்டும் வெளிவந்தன.