மூணு சீட்டு தெரியும்... 3 கார்டு போக்கர் தெரியுமா? டீலரை எதிர்த்து ஆடுவது எப்படி?

விழுப்புரம் மாவட்டம் காணை பக்கம் மூணு சீட்டையும் மங்காத்தாவையும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த இரண்டையும் கலந்த மாதிரி இருக்கும் ஆட்டம்தான் கேசினோக்களில் ஆடப்படும் '3 கார்டு போக்கர்'. 1994-ல் டெரெக் வெப் என்பவர் உருவாக்கியது. மூணு சீட்டில் எதிரே இருப்பது நம்மைப் போன்ற ஆட்டக்காரர். இங்கே எதிரே இருப்பது கேசினோவின் டீலர் மட்டும்தான்.

எப்படி ஆடுவது?

முதலில் 'ஆன்டே' பந்தயம், உதாரணமாக 100 ரூபாய். உங்களுக்கு 3 சீட்டு, டீலருக்கு 3 சீட்டு. உங்கள் சீட்டைப் பார்த்த பிறகு இரண்டே வழி. கவிழ்த்தால் 100 ரூபாய் போச்சு. தொடர்ந்தால் இன்னொரு 100 வைக்க வேண்டும்.

டீலரிடம் குறைந்தது ராணியாவது இருந்தால்தான் அவர் ஆட்டத்துக்குத் தகுதி. இல்லையென்றால் ஆன்டேவுக்கு 100 ரூபாய் லாபம், இரண்டாவது பந்தயம் அப்படியே திரும்பி வரும். சுமார் 30% கைகளில் இதுதான் நடக்கும். உங்கள் கையில் பெரிய சீட்டு விழுந்த நேரத்திலும் இப்படி ஆகலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். டீலர் தகுதி பெற்று நீங்கள் ஜெயித்தால் இரண்டு பந்தயத்துக்கும் சமமான லாபம். தோற்றால் இரண்டும் காலி.

மூணு சீட்டு பழகியவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரே எண்ணில் மூன்று சீட்டு வந்தால் அதுதான் உச்சம். இங்கே ஒரே சின்னத்தில் வரிசையாக வரும் மூன்று சீட்டு அதற்கும் மேலே. மொத்தம் சாத்தியமான 22,100 கைகளில் முதலாவது 52, இரண்டாவது 48. அரிதானதுக்குத்தான் மதிப்பு அதிகம்.

எப்போது தொடரலாம்?

ராணி-6-4 அல்லது அதைவிடப் பெரிய கை இருந்தால் தொடரலாம், இல்லையென்றால் கவிழ்த்துவிடலாம். கணக்குப்படி இதுதான் சிறந்த வழி. சரி, அப்படியே ஆடினால் ஜெயிக்கலாமா? முடியாது. அப்பவும் ஆன்டேவில் சராசரியாக 3.37% கேசினோவுக்குத்தான் போகும். 100 ரூபாய் வீதம் 100 கை ஆடினால் சராசரி நஷ்டம் 337 ரூபாய். தமிழ்நாட்டில் 2025-26-ல் 100 நாள் வேலைக்கு ஒரு நாள் கூலியே 336 ரூபாய்தான். செல்போனில் 100 கை ஆட ரொம்ப நேரம் ஆகாது.

ஜோடி வந்தால் பணம் என்று ஆசை காட்டும் 'பேர் பிளஸ்' பந்தயத்தில் 4 கைக்கு கிட்டத்தட்ட 3 கை தோல்விதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோவாவிலும் சிக்கிமிலும் உரிமம் பெற்ற கேசினோக்கள் உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 9-ல் தீர்ப்பளித்தது. ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பிய ஆன்லைன் சூதாட்டத்துக்கு மாநிலச் சட்டம் விதித்த தடையை அது நீக்கவில்லை. பெயரில் போக்கர் இருக்கிறதே என்று டீலரோடு ஆடும் ஆட்டத்துக்கு இந்தத் தீர்ப்பைக் காட்ட முடியாது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.